மூணு தரம் சொல்லாத தேனீ ஏலம்

"தோட்டத்துல ஒரு மூலை குடுத்தா போதும் வல்லி. பெட்டி பாட்டுக்கு அங்கன நிக்கும். சோறு கேக்காது, தண்ணி கேக்காது."

"கொட்டுமா?"

"நாமளா போய் வம்பு பண்ணினாத்தான்."

"வாடகை?"

"தேன்."

"எனக்குத் தேன் புடிக்காது அத்தான்."

"அப்ப முருங்கையில காய் எப்படிப் புடிக்குதுன்னு பாரு. அதை வாடகையில கழிச்சுக்கோ."

"எம்புட்டு நாளைக்கு வச்சிருப்பீக?"

"நீ எடுன்னு சொல்ற வரைக்கும்."

இந்தப் பேச்சு நடந்து ஆறு வருஷம் ஆகிறது. கற்பகவல்லி இதை மறக்கவில்லை. மறக்க விடாமல் தினமும் காலையில் டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார் தங்கப்பாண்டியன். இரண்டு பெட்டியோடு வந்தவர். அது நாலாகி, எட்டாகி, முருங்கை வரிசை முடிகிற இடம் வரைக்கும் குட்டி குட்டி வீடுகளாக ஒரு காலனியே எழும்பிவிட்டது. முருங்கையும் வாடகையை ஒழுங்காகக் கட்டியது. காய் தொங்குகிற கனத்தில் கிளைகளுக்கு முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது.

அவள் 'எடு' என்று சொல்லவே இல்லை. சொல்வதாகவும் இல்லை. போன மாதம் ஒரே ஒரு தடவை, கோபத்தில், வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அதனால்தான் இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் தோட்டத்து வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஏலக்காரர் ஊர்க்காவலன் கத்திக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். அவள் மகள் அழகுமீனாவைப் பெண் பார்க்க விருதுநகரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மா வாழைக்காய் பஜ்ஜியைக் கடித்தபடி ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்தார்.

"மூஞ்சில வலையப் போட்டுக்கிட்டு அங்கன ஒருத்தரு நிக்காரே, யாரு?"

"எங்க அத்தை மகன். தேனீ வளக்காக."

"தினமும் வருவாகளோ?"

அந்த 'ஓ'வை இழுத்த இழுப்பில் பஜ்ஜியே கீழே விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. பஜ்ஜி பத்திரமாக உள்ளே போயிற்று, சம்பந்தம்தான் வெளியே போயிற்று. ஒரு வாரம் கழித்து ஜாதகம் பொருந்தவில்லை என்று போனில் சொன்னார்கள். அழகுமீனாவுக்கு அன்றைக்குத்தான் உயிரே வந்தது. "அந்த ஆளு என்னையப் பாத்ததை விட மிக்சரப் பாத்ததுதாம்மா ஜாஸ்தி. நல்லாருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சிவகாசியில் தான் வேலை பார்க்கும் பிரஸ்ஸுக்கு ஸ்கூட்டியில் பறந்துவிட்டாள். காலண்டரும் லேபிளும் டிசைன் செய்கிற வேலை அவளுக்கு.

ஆனால் தங்கப்பாண்டியனின் காதுக்கு அந்த 'ஓ' போய்ச் சேர்ந்திருந்தது. மறுவாரமே வந்து நின்றார், கையில் முகவலையை வைத்துக்கொண்டு.

"தம்பி ஓசூர்ல நாத்துப் பண்ணை வச்சிருக்கான்ல. ஆள் வேணும்ங்கான். போலாம்னு இருக்கேன் வல்லி. பெட்டியெல்லாம் நீயே வச்சுக்கோ."

இந்த இடத்தில் கற்பகவல்லி சொல்ல நினைத்தது ஒன்று. அதை அவள் அஞ்சு வருஷமாகச் சொல்ல நினைத்துக்கொண்டிருந்தாள். 'எங்கேயும் போக வேண்டாம், என்னைக் கட்டிக்கொண்டு இங்கேயே இருந்துவிடுங்கள்' என்பதுதான் அது. சின்ன விஷயம்தான். கிரைண்டரில் மாவு ஓடும்போது கிரைண்டரிடம் சொல்லியிருக்கிறாள். மோட்டார் ரூமில் தண்ணீர் எடுத்துவிடும்போது மோட்டாரிடம் உரக்கவே சொல்லிப் பார்த்திருக்கிறாள். மோட்டார் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. மனுஷரிடம் சொல்லப் போனால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கல்யாண வயசில் மகள் இருக்கிறாள், புருஷன் மஞ்சள் காமாலையில் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, தனக்கும் நாற்பத்து மூன்று ஆகிறது. ஊர் என்ன சொல்லும் என்று யோசிப்பாள். ஊர் என்ன சொல்லும் என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும். ஊர் ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

சின்ன வயசிலேயே முடிந்திருக்க வேண்டிய கல்யாணம்தான். அப்போது இவள் அப்பாவுக்கும் அவர் அப்பாவுக்கும் ஒரு கிணற்றுப் பங்கில் தகராறு. கிணறு அப்புறம் வற்றிப்போய்விட்டது. தகராறு மட்டும் வற்றவில்லை. இவளை வேறு இடத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அவர் ஊர் ஊராகச் சுற்றி, தேனீ வளர்க்கக் கற்றுக்கொண்டு, நாற்பது தாண்டித் தனி ஆளாகத் திரும்பி வந்தார்.

ஆக, அன்றைக்கு அவள் சொல்ல நினைத்தது அது. சொன்னது இது.

"எனக்கு எதுக்கு உங்க பெட்டி? சும்மா குடுத்து வழியனுப்பு விழா நடத்துறீகளோ? எனக்கு ஒண்ணும் வேண்டாம். எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க."

எடு என்று சொல்லிவிட்டாள். அவரும் சொன்ன சொல் தவறாதவராயிற்றே, "சரி" என்றார். அந்த மனுஷரிடம் அவளுக்குப் பிடிக்காத ஒரே குணம் இந்தச் சொன்ன சொல் தவறாமைதான்.

"இம்புட்டையும் ஓசூருக்குத் தூக்கிட்டுப் போக முடியாது. ஏலம் விட்டுருவோம்" என்று ஊர்க்காவலனைப் பிடித்தார். ஊர்க்காவலன் அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே ஏலக்காரர். கோயில் புளியமரம், கண்மாய் மீன், திருவிழாவில் மிஞ்சிய எலுமிச்சம்பழம், நேர்த்திக்கடன் கிடா, எதுவானாலும் அவர் வாய் வழியாகத்தான் கைமாறும். தேனீ மட்டும் அவருக்குப் புதுசு. ஆனால் புதுசு என்று காட்டிக்கொண்டால் தொழில் என்னாவது?

"வாங்க, வாங்க! பல்லப் புடிச்சுப் பாத்து வாங்கலாம்! நல்ல நாட்டு ஈ! வீட்டுல பழகின ஈ!"

"அண்ணே, கையை விட்டுப் பல்லப் பாக்கச் சொல்லாதீக. யாராச்சும் நெசமாவே விட்டுருவாக" என்றார் தங்கப்பாண்டியன்.

கூட்டம் எதிர்பார்த்ததை விட அதிகம். பாதிப்பேர் நாரணாபுரத்துக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டாசுக் கம்பெனிகளுக்கு லீவு. அதிலும் பலவேசம் முதலாளி தன் கம்பெனி வேனிலேயே ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். தோட்டத்தின் இரும்புக் கேட்டை ஒவ்வொருவரும் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டே உள்ளே வந்தார்கள். வெடிமருந்து அறைக்குள் நுழையும் முன்னால் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கும் கரண்டை இறக்கிவிட்டுப் போகிற பழக்கம் அவர்களுக்கு. கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் கேட்டைத் தொடாமல் நுழைய மாட்டார்கள்.

ஏலம் தொடங்கும் முன் சாமிக்குத் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டுவது ஊர்க்காவலனின் வழக்கம். தட்டில் சூடத்தை வைத்துத் தீப்பெட்டியை எடுத்ததும் கூட்டமே இரண்டடி பின்னால் போயிற்று.

"அண்ணே, சூடம் வேணாமே" என்றார் ஒரு ஃபோர்மேன், ரொம்பப் பணிவாக.

"இது தோட்டம்யா. இங்கன என்ன வெடிக்கப் போகுது? முருங்கைக்காயா?"

"வேணாம்ணே. மனசுக்குச் சரிப்படல."

ஊர்க்காவலன் தலையில் அடித்துக்கொண்டு தேங்காயை மட்டும் உடைத்தார். சூடம் தட்டில் பச்சையாகவே கிடந்தது. கொளுத்தாத சூடத்துக்கே எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தீப்பெட்டியை அவர் தட்டிலேயே வைத்துவிட்டார். நாட்டுக்கே தீப்பெட்டி செய்து அனுப்புகிற வட்டாரம். அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் இருந்தது அந்த ஒரே தீப்பெட்டிதான். கூட்டத்தில் ஒரு சட்டைப் பையிலும் இன்னொன்று கிடையாது.

கற்பகவல்லி அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அவளும் ஏலம் கேட்கத்தான் வந்திருந்தாள்.

அவள் கணக்கு அவளுக்கு. எள்ளு விற்ற காசு கையில் இருந்தது. பெட்டியைத் தானே எடுத்துவிட்டால், எடுத்தவளுக்குத் தேனீ வளர்க்கத் தெரியாது. விற்றவர் வந்து சொல்லிக் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? ஒரு சீசனாவது ஆகும். ஒரு சீசனுக்குள் நாக்கு ஒரு நாளாவது மேலண்ணத்திலிருந்து கழன்று வராதா? ஓசூர் பஸ் நாளைக் காலையில். பெட்டிகள் வேறு கைக்குப் போய்விட்டால் அவர் இந்தக் கேட்டுக்குள் நுழைய ஒரு காரணமும் மிச்சமிருக்காது.

"தேனீ வாங்க வந்த மூஞ்சியாம்மா இது? பரீட்சை எழுத வந்த புள்ள மாதிரி இருக்க" என்றாள் அழகுமீனா காதருகில்.

"சும்மா இரு."

"பேசாம நேரா மாமாகிட்டயே கேட்டுரு. இல்லன்னா சொல்லு, நான் போய்ப் பொண்ணு கேக்குறேன். மாப்பிள்ளை வீட்டுல மிக்சர் மட்டும் வேணாம்னு சொல்லிருவோம்."

"வாயப் பொத்துடி. ஆளு நிக்குதுல்ல." மகளுக்குத் தெரியும் என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரியும். கோபப்படக்கூட நேரமில்லை. ஊர்க்காவலன் மைக்கைப் பிடித்துவிட்டார்.

முதலில் சில்லறைச் சாமான்கள் போயின. தேன் சுற்றியெடுக்கிற தகர மிஷினை ஒரு ராஜபாளையத்துக்காரர் எடுத்தார். பழைய முகவலைகளை ஒருவர் மீன் பிடிக்க ஆகும் என்று வாங்கிக்கொண்டு போனார். புகை டப்பா வந்தபோது யாருக்கும் அது என்னவென்று விளங்கவில்லை. மூக்கு வைத்த தகர டப்பா, பின்னால் ஒரு துருத்தி.

"இது என்ன, ஸ்பிரே அடிக்கிற மிஷினா?" என்று கேட்டார் பலவேசம்.

"பெட்டியத் தெறக்கும்போது தேனீய அமத்துறதுக்குண்ணே. உள்ள தேங்காய் நார் போட்டு..." தங்கப்பாண்டியன் கூட்டத்தைப் பார்த்துவிட்டு மீதியை முழுங்கிக்கொண்டார். "அது பெட்டியோட சேத்தே போகட்டும்."

கடைசியாகப் பெட்டிகள். பலவேசம் முன்னால் வந்தார். புஸ்வாணமும் தரைச்சக்கரமும் போடுகிற கம்பெனி அவருடையது. தீபாவளிக்கு டீலர்களுக்கெல்லாம் தன் பேர் போட்ட தேன் பாட்டில் கொடுக்கப் போகிறார் என்று அழகுமீனா ஏற்கெனவே வீட்டில் சொல்லியிருந்தாள். லேபிள் ஆர்டர் அவள் பிரஸ்ஸுக்குத்தான் வந்தது. ராக்கெட்டின் மேல் ஒரு தேனீ கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் டிசைன். தேன் இன்னும் வரவில்லை, லேபிள் மட்டும் கட்டுக் கட்டாக வந்துவிட்டது.

"மொத்தம் எத்தனை உருப்படி இருக்கும்?" என்றார் பலவேசம்.

"நீங்க எண்ணி முடிச்சிட்டுச் சொல்லுங்கண்ணே, நானும் தெரிஞ்சிக்கிடுதேன்" என்றார் தங்கப்பாண்டியன்.

"ராணி ஈன்னு ஒண்ணு இருக்குமாம்லா?"

"பெட்டிக்கு ஒண்ணு."

"ஒண்ணுதானா? ஸ்பேரு கெடையாதா?"

"ரெண்டு இருந்தா ஒண்ணையொண்ணு கொன்னுரும்."

பலவேசம் நன்றாகப் புரிந்த மாதிரி தலையாட்டினார். அவர் வீட்டில் அம்மாவும் சம்சாரமும் ஒரே சமையலறையில் புழங்குகிறவர்கள்.

"எங்க கொண்டுபோய் வைக்கப் போறீக?" என்று தங்கப்பாண்டியன் கேட்டார்.

"இந்தா, கம்பெனிக்குப் பின்னாடி பொட்டல் கெடக்குல்ல. கூப்பிடு தூரம்தான."

"அங்கன வச்சா நெலைக்காதுண்ணே. இம்புட்டுப் பக்கத்துல தூக்கிட்டுப் போனா, காலையில மேயப் போன ஈயெல்லாம் சாயங்காலம் இங்கனயே திரும்பி வந்துரும். அதுக்குப் பழகுன இடம் இதான். கொண்டுபோனா ரொம்ப தூரம் கொண்டுபோகணும்."

"அட, எங்க ஆளுக காலையில வேன்ல வந்து சாயங்காலம் வேன்ல போகலையா? அதுகளும் பழகிரும்யா."

வேனில் வந்தவர்கள் சிரித்தார்கள். கற்பகவல்லி சிரிக்கவில்லை. ஈக்குக்கூடத் தெரிகிறது, எந்த மரத்தடிக்குத் திரும்பி வர வேண்டும் என்று. ஓசூர் மட்டும் ரொம்ப தூரம். அங்கே கொண்டுபோய் வைத்தால் எதுவும் திரும்பி வராது.

ஊர்க்காவலன் விலையைத் தொடங்கினார். பலவேசம் விரலை ஆட்டினார். ராஜபாளையத்துக்காரர் ஏற்றினார். கற்பகவல்லியும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு விலை சொன்னாள்.

ஊர்க்காவலன் மைக்கை இறக்கினார். "மதினி, பெட்டி ஒங்க தோட்டத்துலதான நிக்கி? ஒங்க தோட்டத்துல உள்ளத நீங்களே ஏலம் எடுக்கீகளா?"

"ஏன், என் தோட்டத்துல நிக்கிற எனக்கு வாய் இல்லையா? எழுதுங்க."

முகவலைக்குள்ளிருந்து தங்கப்பாண்டியன் அவளையே பார்த்தார். வலை போட்டிருந்தால் அந்த மனுஷரின் மூஞ்சியில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. அந்த வலையை மீன் பிடிக்கிறவரிடம் தள்ளிவிட்டிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ராஜபாளையத்துக்காரர் கழன்றுகொண்டார். பலவேசமும் கற்பகவல்லியும் மாறி மாறி ஏற்றினார்கள். எள்ளு எவ்வளவு தூரம்தான் பட்டாசுக்கு ஈடு கொடுக்கும்? அவள் கடைசியாகச் சொன்ன விலையோடு எள்ளு தீர்ந்தது. பலவேசம் அசராமல் அதற்கு மேலே ஒரு விரலை ஆட்டினார். தங்கப்பாண்டியன் ஏதோ சொல்லக் கையைத் தூக்கினார். அதற்குள் ஊர்க்காவலன் ராகம் எடுத்துவிட்டார்.

"நாரணாபுரம் பலவேசம் மொதலாளி கேட்ட வெல! ஒரு தரம்..."

கற்பகவல்லி மகளைப் பார்த்தாள். மகள் தட்டைப் பார்த்தாள். தட்டில் தீப்பெட்டி இருந்தது.

"ரெண்டு தரம்ம்ம்ம்..."

கோயில் கிடாவுக்கு இழுக்கிற அதே இழுப்பு. ஸ்பீக்கர் கட்டியிருந்ததோ பெட்டிகளுக்கு நேர் மேலே. குழாய் 'கீய்ய்ய்' என்று ஒரு ஊளை ஊளையிட்டது. பெட்டிகள் அதற்கு எதிர்ப்பாட்டுப் பாடின. உள்ளேயிருந்து 'ஙொய்ய்' என்று எழும்பி, ஒரு கும்பல் என்ன சத்தம் என்று பார்க்க வெளியே வந்தது. பலவேசம் சட்டையில் பூசியிருந்த ஜவ்வாது அதுகளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. ஒன்று நேராகப் போய் அவர் காதுமடலில் உட்கார்ந்து, லேபிளில் இருப்பது போல் கால்மேல் கால் போடாமல், கொட்டியது.

"ஆத்தே!" பலவேசம் பளாரென்று தன் காதிலேயே அறைந்துகொண்டார்.

"அடிக்காதீகண்ணே! அடிச்சா அந்த வாடைக்கு மத்ததும் வரும்!" என்று தங்கப்பாண்டியன் கத்திக்கொண்டே ஓடினார். "புகை! புகை போடணும்!"

இந்த இடத்தில் கற்பகவல்லி தெரிந்து செய்தாளா, தெரியாமல் செய்தாளா என்று ஊர் பின்னால் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கேட்டால், "ஈ கலைஞ்சிருச்சு, மூட்டுனேன்" என்பாள். ஆறு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவள். கை தானாகவே புகை டப்பாவை எடுத்தது, தேங்காய் நாரைத் திணித்தது, தட்டிலிருந்த தீப்பெட்டியை உரசியது. இரண்டு அமுக்கு அமுக்கினாள். டப்பாவின் மூக்கிலிருந்து கெட்டியான வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பி முருங்கைக்கு மேலே எழுந்தது.

"ஏலே... பொகைலே!"

யார் சொன்னது என்று தெரியவில்லை. அவ்வளவுதான், தோட்டம் காலி.

நாரணாபுரத்துக்காரர்கள் புகையைப் பார்த்தால் என்ன, எங்கே என்று கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள். ஓடுவார்கள். ஓடாமல் நின்று பார்த்தவர்களின் போட்டோக்கள் அவரவர் வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்குகின்றன. அதனால் அந்த ஓட்டத்தை அந்தப் பக்கத்தில் யாரும் கேலி செய்வதில்லை. ஆனால் ஒரு தகர டப்பாவுக்கு ஒரு கம்பெனியே ஓடியதை அன்றைக்குத்தான் பார்த்தார்கள். ஃபோர்மேன் வேலியைத் தாண்டியது நல்ல எருமை தாண்டுகிற உயரம். பலவேசம் ஒரு செருப்பை விட்டுவிட்டு, கொட்டுப்பட்ட காதைப் பிடித்தபடி, "மெயின ஆஃப் பண்ணுங்கலே! மெயின ஆஃப் பண்ணுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினார். அது தோட்டம், ஆம்ப்ளிஃபயர் ஓடுவது ஆட்டோ பேட்டரியில் என்பதெல்லாம் காலுக்குத் தெரியுமா? எல்லாரும் ஓடுகிறார்களே என்று ராஜபாளையத்துக்காரர் தேன் மிஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டே ஓடினார். ஊர்க்காவலன் மைக்கை மேஜையில் போட்டுவிட்டு ஓடினார். மூணாவது தரத்தைச் சொல்லாமலே ஓடினார்.

அழகுமீனாவும் கேட்டுக்கு வெளியே ரோட்டில் போய் நின்றுகொண்டாள். அவள் ஓடவில்லை, நடந்தே போனாள். போகும்போது கேட்டை இழுத்துச் சாத்திவிட்டும் போனாள்.

கற்பகவல்லி பெட்டி பெட்டியாகப் புகை காட்டினாள். தங்கப்பாண்டியன் மூடிகளைச் சரிசெய்துகொண்டே வந்தார். கொஞ்ச நேரத்தில் இரைச்சல் அடங்கியது. வெளியே வந்த ஈக்கள், வந்த சோலி முடிந்த மாதிரி ஒவ்வொன்றாக வாசலில் இறங்கி உள்ளே நடந்தன. அவர் முகவலையைக் கழற்றினார். நெற்றியெல்லாம் வேர்வை. மூஞ்சியில் என்ன இருக்கிறது என்று இப்போது தெரிந்தது. குழப்பம்தான் இருந்தது.

"எதுக்கு வல்லி ஏலம் கேட்ட?"

"எதுக்குக் கேப்பாக? தேனீ வளக்கத்தான்." டப்பாவை மேஜையில் வைத்தாள்.

"ஒனக்குத்தான் தேனே புடிக்காதே."

"தேன்தான் புடிக்காதுன்னேன்."

இந்தக் கடைசிச் சொல் அவள் வாயிலிருந்து கிளம்பி, ஒரு சுற்றுச் சுற்றி, வேப்பமரத்திலிருந்தும் வந்தது. 'புடிக்காதுன்னேன்' என்று மரமே சொன்னது. இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். குழாய் ஸ்பீக்கர். குனிந்து பார்த்தார்கள். மேஜையில், டப்பாவுக்குப் பக்கத்தில், மைக்கில் பொட்டு மாதிரி ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ரோட்டில் ஒரு சத்தமில்லை. ஒரு கம்பெனி ஆட்கள் பூராவும், ஒரு முதலாளியும், ஒரு ஏலக்காரரும் வேலிக்கு வெளியே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது முருங்கை இடைவெளியில் தெரிந்தது.

"மதினி, மைக்க ஆஃப் பண்ணுங்க! சுச்சு கீழ இருக்கு!" என்று கத்தினார் ஊர்க்காவலன். நல்ல மனுஷன்.

"பண்ணாதம்மா!" என்று கத்தினாள் அழகுமீனா. அவள் பெற்ற மகள்.

"யோவ், ஏலம் என்னாச்சு? மூணாந்தரம் சொல்லுய்யா" என்ற பலவேசத்தின் குரல் கேட்டது. தொடர்ந்து, "ஸ்ஸ்ஸ், சும்மாருங்க மொதலாளி" என்று அவருடைய சொந்த ஃபோர்மேனே அவரை அடக்கியதும் கேட்டது.

தங்கப்பாண்டியன் கையை நீட்டி மைக்கின் சுவிட்சைத் தேடினார். காது நுனி சிவந்திருந்தது, தேனீ கொட்டாமலே.

"விடுங்க" என்றாள் கற்பகவல்லி. மரமும் விடுங்க என்றது.

அவர் கையை எடுத்துக்கொண்டார். சொன்ன சொல் கேட்கிற மனுஷர்.

யோசித்துப் பார்த்தாள். ஊர் என்ன சொல்லும் என்றுதானே இத்தனை வருஷமாக மோட்டாரிடமும் கிரைண்டரிடமும் போய் நின்றோம்? அந்த ஊர் அதோ, செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடிப்போய் ரோட்டில் நிற்கிறது, ஒரு டப்பாப் புகைக்கு. அதற்குப் பயந்தா வாயை மூடிக்கொண்டிருந்தோம்? நாளைக் காலையில் பஸ். இன்னும் ஒரு தரம்தான் பாக்கி. ஊர்க்காவலனுக்குத் தைரியம் வந்து கேட்டைத் திறந்துவிட்டால் அதுவும் போயிற்று.

மைக்கைக் கையில் எடுத்தாள். நினைத்ததை விடக் கனமாக இருந்தது. நாக்கை மேலண்ணத்திலிருந்து பிரித்தாள். ஒட்டியிருந்த மாதிரியே தெரியவில்லை, லேசாக வந்துவிட்டது.

"அன்னைக்கு நான் எடுத்துட்டுப் போங்கன்னது கோவத்துல சொன்னது. அதைப் போய் நெசம்னு எடுத்துக்கிட்டு, ஸ்பீக்கர் கட்டி ஏலம் விடுவாகளா?"

அவர் வாயைத் திறந்தார். அவள் கையைக் காட்டி அமர்த்தினாள். பெட்டிகள்கூட ஒரு முனகல் முனகவில்லை.

"பெட்டிய எடுக்காதீக. ஓசூருக்கும் போகாதீக. என்னையக் கட்டிக்கிட்டு இங்கனயே இருங்க அத்தான்."